கத்திரிக்காய் வைத்துச் சோதித்த அடுப்பு

எங்கள் கம்பெனிக்கு விழா எடுத்தபோது என்னையும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கொழுந்தனார் மகன் கோட்டு போட்டுக்கொண்டு மேடையேறிக் கம்பெனியின் வரலாற்றை வாசித்தான். நிறுவனர் ஒரு நாள் இறைச்சியிலிருந்து கொழுப்பு சொட்டுவதைக் கூர்ந்து கவனித்தாராம். அந்தக் கணத்தில், கொழுப்பு விழுந்தாலும் தீ குப்பென்று எழும்பாத கேஸ் அடுப்பு அவர் மனதில் உதித்ததாம். எல்லாரும் கை தட்டினார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

கூர்ந்து கவனித்தாராம்! என் மாமனாரா? பசாரில் கறிக்கடைப் பக்கம் போக நேர்ந்தால் வேட்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு சாலையின் அந்தப் பக்கம் நடக்கிற மனிதர் அவர். கொழுப்பு எந்த நிறத்தில் இருக்கும் என்றுகூட அவருக்குத் தெரியாது. எனக்கு வயசாகிவிட்டது, இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

மலாக்காவில் காஜா பெராங் பக்கம் அவருடைய பட்டறை இருந்தது. முன்னால் கடை, பின்னால் பட்டறை, மாடியில் வீடு. ஜப்பான்காரன் போன பிறகு மலிவாகக் கிடைத்த எண்ணெய்ப் பீப்பாய்களை வெட்டி, தட்டி, மடித்து, சாத்தே, அதாவது குச்சியில் கோத்த கறித்துண்டு, சுடுகிற கரியடுப்பு செய்யத் தொடங்கினார். நீளமான தொட்டி, கீழே நாலு கால், பக்கத்தில் காற்றுப் போகத் துளைகள், அவ்வளவுதான். மலாக்கா டவுனில் சாத்தே விற்கிறவர்களில் பாதிப் பேர் எங்கள் அடுப்பில்தான் சுட்டார்கள். ரப்பர்த் தோட்டங்களுக்குப் பால் வாளியும் மாமா செய்து கொடுத்தார். கெட்டிக்காரர், இல்லையென்று சொல்லமாட்டேன். தகட்டைக் கையில் தூக்கிப் பார்த்தே எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார்.

ஆனால் சுத்த சைவம். வேறு சைவ வீடுகளும் ஊரில் உண்டுதான். இது தனி ரகம். அந்தக் கூரைக்குக் கீழே முட்டை வரக்கூடாது, கருவாடு வரக்கூடாது. கருவாடு கொண்டுவரும் வேலையாள் சாக்கடையைத் தாண்டி மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஒரு தடவை மலாய்க்காரச் சாத்தே வியாபாரி ஒருவர், புது அடுப்பு ராசியாக அமைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு, இலையில் கட்டிச் சாத்தே கொண்டுவந்து கொடுத்தார். மாமா வாசலிலேயே வாங்கி, சிரித்த முகமாக 'தெரிமா காசே' என்று மலாயில் நன்றி சொல்லி, அந்த மனிதர் தெருமுனையைத் தாண்டியதும் நாய்க்குப் போட்டார். பிறகு கையைச் சீயக்காய் போட்டுக் கழுவினார். அந்த வியாபாரி கொடுத்த பணத்தைக் கழுவியதாக எனக்கு ஞாபகமில்லை.

நான் புக்கிட் ரம்பாய்க்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டுக்கறி, இல்லாவிட்டால் கோழி, அதுவும் இல்லாவிட்டால் ஆற்று மீன். என் அப்பா கொழுப்போடு இருக்கிற கறியைக் கம்பியில் கோத்து விறகுத் தணலில் வாட்டித் தருவார். என் வீட்டுக்காரர் வாளி கொடுக்கத் தோட்டத்துக்கு வந்தவர். முதலில் மாதம் ஒரு தடவை வந்தார். பிறகு வாளி கேட்காத வாரத்திலும் வந்தார். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

நாட்டுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், கிடைத்த மறு வருஷம் எங்களுக்குக் கல்யாணம். மாமா ஒத்துக்கொள்ள ஒரே காரணம், மகன் சாப்பிடாமல் கிடந்ததுதான். கோயிலில் தாலி ஏறிய கையோடு, அத்தை என்னைக் கற்பூரத் தட்டுக்கு முன்னால் நிறுத்தி, இனி கறி தொடமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னார். செய்தேன். மனசோடுதான் செய்தேன், யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. தீபாவளிக்கு அம்மா வீட்டுக்குப் போனால்கூட வெறும் இட்லியும் சட்டினியும் தின்றுவிட்டு வருவேன். அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைப்பாள்.

இவ்வளவும் செய்தால் அந்த வீட்டு மருமகள் ஆகிவிடுவேன் என்று நம்பினேன். என் மாமனார் என் கையால் ஒரு தம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. நான் கொண்டுபோய் வைத்தால், பார்க்காதது போல எழுந்து போய்த் தானே மொண்டு குடிப்பார். நான் சமைத்த நாளில் பசியில்லை என்பார். அத்தை மட்டும், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், பழகிவிடுவார் என்பார். அந்தக் கொஞ்ச நாளுக்காக நான் காத்திருந்தேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. வேறு எதுவும் நான் கேட்கவில்லை. நகை கேட்கவில்லை, தனிக்குடித்தனம் கேட்கவில்லை. அவர் என் கையிலிருந்து தண்ணீர் வாங்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

அந்தக் காலத்தில்தான் டவுனில் கேஸ் வரத் தொடங்கியது. பணக்கார வீடுகளிலும் ஹோட்டல்களிலும் கேஸ் தோங், அந்தப் பெரிய இரும்பு சிலிண்டரை, உருட்டிக்கொண்டு போவார்கள். கடலோரத்தில் வெள்ளைக்காரர்களும் பெரிய உத்தியோகக்காரர்களும் கூடுகிற கிளப் ஒன்று இருந்தது. அதன் நிர்வாகி எங்கள் கரியடுப்பைப் பார்த்துவிட்டு, இதே மாதிரி புகையில்லாமல் கேஸில் எரிவதாகச் செய்து தர முடியுமா என்று கேட்டார். நன்றாக இருந்தால் இன்னும் பல கிளப்புகளுக்குச் சொல்லுவதாகவும் சொன்னார். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. இரும்புக் குழாயில் வரிசையாக மேல்பக்கம் துளை போட்டு, அதைத் தொட்டிக்குள் படுக்க வைத்து, மேலே கம்பி வலை பொருத்தினார். என் வீட்டுக்காரர்தான் துளை போட்டார். ராத்திரி பகல் பார்க்காமல் வேலை நடந்தது. எரிய வைத்தபோது நீல நிறத்தில் பூ வரிசை போலத் தீ நின்றது. பொய் சொல்லக்கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சரி, சோதிக்க வேண்டுமே. எதை வைத்துச் சோதிப்பது? கத்திரிக்காய்.

ஆமாம், கத்திரிக்காய்தான். கறி சுடப்போகிற அடுப்பைக் கத்திரிக்காய் வைத்துச் சோதித்தார்கள். மரவள்ளிக்கிழங்கு வைத்தார்கள், ரொட்டி வைத்தார்கள், ஒரு நாள் அப்பளம்கூட வைத்தார்கள். எல்லாம் பிரமாதமாக வெந்தது. அத்தை அந்தக் கத்திரிக்காயைத் தோலுரித்துக் கொத்சு வைத்தார், வீடே சப்புக்கொட்டிச் சாப்பிட்டது. அடுப்பு பாஸ் ஆகிவிட்டதாக மாமா அறிவித்தார். நான் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு என் அப்பாவின் விறகுத் தணல் ஞாபகத்துக்கு வந்தது. கொழுப்பு ஒரு சொட்டு தணலில் விழுந்தால் தீ குப்பென்று எழும்பும், அப்பா கம்பியைச் சட்டென்று பக்கத்தில் இழுப்பார். இங்கே கொழுப்பு விழப்போவது கேஸ் வருகிற துளையின் தலையிலேயே. இழுக்க இடமும் இல்லை.

அன்றைக்கு இரவு சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் யோசித்துப் பார்த்து, நீ சொல்வது சரியாகத்தான் இருக்கும், ஆனால் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றார். அந்த மனிதருக்கு எல்லாம் புரியும், வாய் மட்டும் திறக்காது. சரி, வெறும் வாய்ச்சொல்லாகப் போய் நின்றால் யார் கேட்பார்கள், கண்ணால் பார்த்துவிட்டே சொல்வோம் என்று முடிவு செய்தேன்.

கம்பம் என்று நாங்கள் சொல்கிற பக்கத்துக் குடியிருப்பில், மலாக்காச் செட்டி சமூகத்துப் பெண்மணி ஒருத்தி எனக்குப் பழக்கம். சாமி கும்பிடுவது எங்களைப் போல, பேசுவது மலாய். நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு மலாயில் என்னைக் கேலி செய்வாள். அவளிடம் சொல்லிப் பசாரில் கொழுப்பு நிறைந்த ஆட்டுக்கறி வாங்கினேன். ஞாயிறு மத்தியானம் மாமாவும் அத்தையும் கோயிலுக்குப் போயிருந்த நேரம், பட்டறைக்குப் பின்னால் அடுப்பைப் பற்ற வைத்து, கறியை நீளக் கம்பியால் தள்ளி வலைமேல் வைத்தேன். வாயில் வைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு முதல் சொட்டு, இரண்டாவது சொட்டு. தீ என் உயரத்துக்கு எழும்பியது. கொஞ்சம் தணிந்ததும் பார்த்தால் பாதித் துளைகள் கொழுப்பு அடைத்துக் கிடந்தன. மற்ற பாதியில் தீ கோணல்மாணலாக எரிந்தது.

நான் ஓடி ஒளியவில்லை. அவர்கள் கோயிலிலிருந்து திரும்பியதும் மாமாவுக்கு முன்னால் போய் நின்று சொன்னேன். கறி வைத்துப் பார்த்தேன், தீ எழும்புகிறது, குழாய்க்கு மேலே ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒரு தகட்டை மடித்துக் கவிழ்த்து வைத்தால் கொழுப்பு இரண்டு பக்கமும் வழிந்து கீழே போய்விடும் என்றேன். அதை யோசித்து வைத்திருந்தேன். லயத்துக் கூரையில் மழை வழிவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதற்குப் படிப்பா வேண்டும்?

மாமா தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அத்தையின் பக்கம் திரும்பி, "தோட்டத்து வாடை போகாதுன்னு நான் அப்பவே சொன்னேனா இல்லியா?" என்றார்.

அவ்வளவுதான். அந்த வலையையும் தொட்டியையும் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஐயரை வரவழைத்துப் பட்டறைக்குப் புண்ணியாகவாசனம் செய்தார்கள். இனி நான் பட்டறைக்குள் கால் வைக்கக்கூடாது என்று உத்தரவு. புது வலை போட்ட அதே அடுப்பு, தகடு இல்லாமல், கிளப்புக்குப் போனது. லாரியில் ஏற்றும்போது மாமா அதன் நெற்றியில் சந்தனம் வைத்தார்.

கிளப்பில் அடுப்பைத் திறந்துவைக்கிற நாளன்று என் வீட்டுக்காரர்தான் போய்ப் பற்ற வைத்தார். கிளம்பும்போது நான் படியில் நின்று, கொழுப்பு இல்லாத கறியாக வைக்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். கிளப்புச் சமையல்காரர் இவர் பேச்சைக் கேட்பாரா? ஆட்டு நெஞ்செலும்பும் கொழுத்த சாசேஜும் வலை நிறையப் பரப்பிவிட்டார். தீ எழுந்தபோது எல்லாரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார்களாம். இவர் ஓடவில்லை. கேஸ் மூடுகிற திருகு தொட்டிக்கு அடியில் இருந்தது. கம்பெனி பெயர் கெட்டுவிடுமே என்று கையை உள்ளே விட்டார். திருகை மூடிவிட்டுத்தான் கையை எடுத்தார். வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோனது.

ஆஸ்பத்திரியில் அந்தக் கையைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அவர்மேலும் ஆத்திரம், அவரைப் பெற்றவர்மேலும் ஆத்திரம். அத்தை வந்து கட்டிலருகே நின்று, நீ அந்த அடுப்பில் கறி வைத்தாய் அல்லவா, அந்தத் தீட்டுதான் என் பிள்ளையைச் சுட்டது என்றார். நோயாளிகளெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, அவருக்குக் கஞ்சி ஊட்டினேன்.

கிளப் அடுப்பைத் திருப்பி அனுப்பிவிட்டது. ஆனால் வேறொரு ஹோட்டல்காரர், தீ எழும்பாமல் செய்து தந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். மாமா சும்மா இருப்பாரா? ஒரு மாலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மகனின் கையைப் பார்த்தார், மருந்து சாப்பிட்டாயா என்று கேட்டார். பிறகு மகனிடம், "அந்தத் தகட்டை எவ்வளவு சாய்வா வெக்கணும்னு அவகிட்ட கேளு" என்றார். நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருக்கிறேன். அவர் அந்தப் பக்கம். கையை நீட்டினால் தொடலாம்.

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். மேசைமேலிருந்த கூஜாவிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி, கட்டிலைச் சுற்றிப் போய், அவருக்கு முன்னால் நீட்டினேன்.

"இத குடிங்க மாமா. சொல்றேன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மகனின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். கடைசியில் தம்ளரை வாங்கினார். உதட்டில் படாமல் தூக்கி அண்ணாந்து குடித்தார். முழுவதையும் குடித்தார். நானும் சொன்னேன். தகட்டை எவ்வளவு மடிக்க வேண்டும், குழாய்க்கு மேலே எவ்வளவு இடைவெளி விட வேண்டும், திருகை அடியில் வைக்காமல் வெளியே பக்கவாட்டில் வைக்க வேண்டும் என்று எல்லாம் சொன்னேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். பைத்தியக்காரி.

தகடு வைத்த அடுப்பு வந்தது. இந்தத் தடவை கறி வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று மாமாவுக்கே தெரிந்துவிட்டது. யார் வைப்பது? அவர் வைக்கமாட்டார், அத்தை வைக்கமாட்டார். வேலையாள் கையில் விட்டால் தகட்டின் சூட்சுமம் மறுநாளே அடுத்த பட்டறைக்குப் போய்விடும். வீட்டு ஆளாகவும் இருக்க வேண்டும், கறி தொடுகிற கையாகவும் இருக்க வேண்டும். என்னைவிட்டால் வேறு யார்? சாக்கடைக்கு அந்தப் பக்கம், வேலையாட்கள் கருவாடு தின்கிற மரத்தடியில், தகரம் போட்டு எனக்கு ஒரு கொட்டகை கட்டினார்கள். ஒவ்வொரு புது அடுப்பும் முதலில் அங்கே வரும். நான் கறி வாட்டி, தீயைப் பார்த்து, துளை அடைக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கறியை வேலையாட்களிடம் கொடுத்துவிட்டு, கிணற்றடியில் தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வரலாம். மழையோ காய்ச்சலோ, அந்தக் குளியல் தப்பாது.

அடுப்பு நன்றாக விற்றது. புது லாரி வந்தது, பட்டறையில் ஆட்கள் கூடினார்கள். என் வீட்டுக்காரருக்கு வலது கை விரல்கள் மடங்கியே நின்றுவிட்டன. கடையில் உட்கார்ந்து இடது கையால் பில் எழுதினார். அந்தத் தம்ளர் தண்ணீர்தான் முதலும் கடைசியும். கறி புழங்குகிற கை என்று இப்போது காரணமும் கிடைத்துவிட்டது. அத்தைகூட, கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்வதை விட்டுவிட்டார். நான் மட்டும் சத்தியத்தைக் காப்பாற்றினேன். நாள் முழுக்கக் கறி நெடியில் நின்றாலும் ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. எங்கேயோ ஒரு மூலையில் இன்னும் நம்பிக்கொண்டிருந்திருப்பேன்.

பிறகு கொழுந்தனாருக்குக் கல்யாணம் ஆனது. நல்ல சைவக் குடும்பத்துப் பெண், அவளைக் குற்றம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை, பாவம், சின்னப் பெண். கல்யாணம் முடிந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும். காலையில் அவள் காப்பி கொண்டுவந்தாள். மாமா கூடத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "கொண்டாம்மா" என்று கையை நீட்டி வாங்கினார். ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை சரியாக இருக்கிறது என்று சொன்னார். நான் சமையலறை வாசலில் அரிசி களைந்த பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் அதை என்னிடமிருந்து மறைக்கக்கூட முயலவில்லை. நான் அங்கே நிற்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

அன்றைக்கு மத்தியானம் கொட்டகைக்கு ஒரு பெரிய அடுப்பு வந்திருந்தது. புது மாதிரி, இரண்டு குழாய். பற்ற வைத்தேன். ஆட்டுக்கறியை வலை நிறையப் பரப்பினேன். கொழுப்பு தகட்டில் விழுந்து இரண்டு பக்கமும் ஒழுங்காக வழிந்தது. துண்டுகள் சிவந்து, ஓரம் கருகி வந்தன. ஒன்றை எடுத்தேன். விரல் சுட்டது. ஊதி ஊதி வாயில் போட்டுக்கொண்டேன்.

மென்றுகொண்டு நிமிர்ந்தால், சாக்கடைக்கு அந்தப் பக்கம் மாமா நிற்கிறார். எப்போதும் நிற்கிற தூரத்தில், வேட்டி நுனியை மூக்கில் வைத்துக்கொண்டு. நான் தின்பதை நன்றாகப் பார்த்துவிட்டார். நான் வாயை மூடவில்லை, கையை மறைக்கவில்லை. அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு மென்றேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன். கற்பூரத்துக்கு முன்னால் சத்தியம் பண்ணினாயே, வெளியே போ என்று சொல்லட்டும். சொன்னால் அந்த நிமிஷமே போகத் தயாராக இருந்தேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட என்னை அந்த வீட்டு ஆளாக நினைத்தார் என்று ஆகியிருக்கும்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தீ எழும்புதா?" என்று கேட்டார்.

"இல்ல, மாமா."

சரி என்று தலையை ஆட்டிவிட்டு, பட்டறைக்குள் போய், லாரியைக் கொண்டுவரச் சொன்னார். நான் இன்னொரு துண்டு எடுத்துத் தின்றேன். ருசியே இல்லை. சோதனைக் கறிக்கு யார் உப்புப் போடுவார்கள்? ஆனாலும் வலையில் இருந்த அத்தனையையும் தின்றேன். அன்றைக்குக் கிணற்றடிக்குப் போகாமல் நேராக வீட்டுக்குள் நடந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அடுத்த அடுப்பு கொட்டகைக்கு வந்துவிட்டது.